அண்ணன் ஆடும் கிளப்

“என் பிறப்பு சர்ட்டிபிகேட்டை எடுத்துக் கொடும்மா. கோச் வாசல்ல நிக்கிறாரு.”

கும்பா மீன் நறுக்குவதை நிறுத்தவில்லை. “தர மாட்டேன். ஒழுங்கா படிக்கிற வழியைப் பாரு.”

“ஸ்பெயின்ல அண்ணன் ஆடுற அதே பாஸ்கெட்பால் கிளப்பும்மா. அவங்களாவே கூப்பிடுறாங்க. நம்ம ருஃபிஸ்க் ஊர்ல யாருக்கு இது கிடைக்கும்?”

“ஒரு வீட்டுக்கு ஒரு ஆட்டக்காரன் போதும்.”

தெம்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்போ அலியூன் அண்ணன்தான் நீ பெத்த புள்ளை. என்னைத் தவிட்டுக்கு வாங்கினியா?”

கும்பா கத்தியைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அலியூன் உனக்கு எத்தனை வயசு மூப்பு?”

“அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி. ஏன்?”

“அவனுக்கு முழுசா அஞ்சு வயசைக் குறைச்சுதான்டா கிளப்புல சேர்த்தோம். சின்ன வயசுன்னாதான் நல்ல சம்பளம்னு ஏஜென்ட் சொன்னான். புது சர்ட்டிபிகேட்டும் அவனே வாங்கிக் கொடுத்தான். அதுல அலியூன் உனக்கப்புறம் நாலு மாசம் கழிச்சுப் பொறந்திருக்கான்.”

“நாலு மாசமா?” என்றான் தெம்பா.

“உன்னோடது, அவனோடது ரெண்டுலயும் அம்மா பேரு என் பேருதான். ஒரே வயித்துல நாலு மாசத்துல அடுத்த புள்ளை எப்படிடா பொறக்கும்? நீ எந்தக் கிளப்புக்குப் போனாலும் அலியூனோட தம்பியான்னுதானே கேப்பாங்க? அவன் வேலை போச்சுன்னா உங்கப்பாவோட டயாலிசிஸ் அன்னியோட நின்னுடும்.”

உள்ளறையிலிருந்து அப்பா எதற்கோ கூப்பிட்டார். கும்பா உள்ளே போனாள்.

தெம்பா வாசலுக்கு வந்தான்.

“என்னடா, அம்மா கொடுத்தாங்களா?” என்றார் கோச்.

“கொடுக்கிறேன்னுதான் சொன்னாங்க, கோச். எனக்குத்தான் இந்த ஆட்டமே பிடிக்கலை.”