ஏகமனதாக ஐந்தரை மணி

"நானும் வரேங்க கூட்டத்துக்கு" என்றாள் சுலோச்சனா.

"நீ வந்துட்டா ரேஷன் கடை க்யூவில யார் நிக்கிறது?" என்று ஜிப்பாவுக்குப் பொத்தான் போட்டபடியே கேட்டார் பஞ்சாட்சரம்.

"கடை ஹாலுக்கு எதிரிலேதானே இருக்கு? மூணு வாரமா அரிசியை வாங்கிக்கிட்டு ஓடி வரேன். நான் வாசல்படி மிதிக்கிறப்போ உள்ளே கைதட்டறாங்க. முடிஞ்சுபோச்சு! வெறும் கைதட்டலைக் கேட்டுட்டுத் திரும்பறேன். இன்னிக்குப் பேச்சே யுத்தம் முடிஞ்சும் ஏன் அரிசி இல்லைங்கிறதைப் பத்தித்தானாமே. அதை நான் கேக்காம யார் கேக்கறது?"

"நான் கேட்டுட்டு வந்து சொல்றேன். பையை மறக்காதே."

சர்வகலாசாலைக்காரர்கள் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வாராவாரம் சொற்பொழிவு வைக்கிறார்கள். யுத்தம், ஜனநாயகம், உலக நடப்பு எல்லாம் பொதுஜனங்களுக்குப் புரியும்படி, இலவசமாக. பஞ்சாட்சரத்துக்கு எப்போதும் முதல் வரிசை.

பேசுகிறவர் கிளாடிஸ் அம்மாள். சாந்தோம்காரர், காலேஜில் சரித்திரம் நடத்துகிறவர். போன வாரம் அவர், "கூட்டத்தை ஏழு மணிக்குத் தள்ளி வைக்கலாமா?" என்று கேட்டார்.

பஞ்சாட்சரம் துள்ளி எழுந்தார். "ஏழு மணின்னா ராத்திரிச் சாப்பாடு என்ன ஆறது? ஓட்டுக்கு விடுங்க!"

விட்டார்கள். அத்தனை பேரும் ஐந்தரைக்கே கை தூக்கினார்கள். ஏகமனதாக! அன்று ராத்திரி வீட்டில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்றைக்குத் தலைமை வகித்தவர் பீர் முஹம்மது. லஸ் கடைத்தெருவில் குடைக்கடை வைத்திருப்பவர்.

"பெரியோர்களே, நான் அதிகம் பேசப் போறதில்லை" என்று ஆரம்பித்தார்.

இப்படி ஆரம்பித்த எந்தத் தலைவர் சீக்கிரம் உட்கார்ந்திருக்கிறார்? யுத்தத்தில் குடைத்துணி கிடைக்காமல் போன கதையைச் சொன்னார். குடைக்கம்பியின் கதையைச் சொன்னார். அப்புறம் தம்முடைய நிக்காஹ் அன்றைக்குப் பெய்த மழைக்கு வந்துவிட்டார். நடுநடுவே ஜன்னல் வழியாகத் தெருவை ஒரு பார்வை வேறு.

சபையில் இருமினார்கள். காலைத் தேய்த்தார்கள். கிளாடிஸ் அம்மாளோ ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்!

பஞ்சாட்சரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டார்.

"ஓட்டுக்கு விடுங்க! தலைவர் உட்காரணும்கிறவங்க கை தூக்குங்க!"

ஹால் முழுக்கக் கைகள்.

"பேஷ்! அப்படியே வெச்சிருங்க, எண்ணிடறேன்" என்றார் பீர் முஹம்மது. விரலை நீட்டி, ஒவ்வொரு கையாக நிதானமாக எண்ண ஆரம்பித்தார். பாதியில் கணக்குத் தப்பியது. "மன்னிக்கணும்" என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். தூக்கின கையெல்லாம் கடுக்க ஆரம்பித்தது.

அப்போது அரிசிப் பையும் மண்ணெண்ணெய் டின்னுமாகப் பெண்கள் சிலர் உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் சுலோச்சனாவும் இருந்தாள். வேர்த்து விறுவிறுத்திருந்தாலும் முகமெல்லாம் சிரிப்பு.

"சரி, ஜனங்க தீர்ப்பு. தோத்துட்டேன்" என்று பீர் முஹம்மது சட்டென்று உட்கார்ந்துவிட்டார். எண்ணி முடிக்கக்கூட இல்லை.

கிளாடிஸ் அம்மாள் பேசினார். பர்மாவிலிருந்து நம் தெருமுனை வரைக்கும் அரிசி வருகிற பாதையைப் பிட்டுப் பிட்டு வைத்தார். முடித்துவிட்டு, "யாராவது கேள்வி?" என்றார்.

பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"யுத்தம் ஓஞ்சு ஒரு வருஷமாச்சும்மா. க்யூ மட்டும் ஏன் ஓயலை?"

சுலோச்சனாதான்! ஹாலே சிரித்துக் கைதட்டியது. இந்தத் தடவை கைதட்டல் அவளுக்கு. வெட்கத்தில் பைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் பஞ்சாட்சரம் நேரே மேடைக்குப் போனார்.

"என்ன பாய் இது அநியாயம்? குடைக் கதை கேக்கவா நாங்க வந்தோம்? ஜனநாயகம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்குக் குடைதான் சார் தெரியும்" என்றார் பீர் முஹம்மது பணிவாக. "போன வாரம் வாசல்ல ஒரு அம்மா அரிசிப் பையோட ஓடி வந்து, 'முடிஞ்சுபோச்சா பாய்?'னு கேட்டுட்டு அழாத குறையாத் திரும்பினாங்க. மனசு கேக்கலை. கிளாடிஸ் அம்மாகிட்ட சொன்னேன். 'நேரத்தை மாத்த விடமாட்டேங்கிறாங்க. ரேஷன் கடை மூடற வரைக்கும் நீங்க எதையாவது பேசிக்கிட்டே இருங்க'ன்னாங்க. எனக்கு வேற என்ன பேசத் தெரியும்?"

"நேரத்தை ஏகமனதா முடிவு பண்ணினோம் பாய்! ஒரு கைகூட எதிர்க்கலையே!"

"எப்படி சார் எதிர்க்கும்? எதிர்க்க வேண்டிய கையெல்லாம் அப்போ எதிர்க்கடையில பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு."

பஞ்சாட்சரம் ஜன்னல் வழியாக எதிர்க்கடையைப் பார்த்தார். திரும்பினால், பின்னால் சுலோச்சனா. அவளோடு க்யூவில் நின்ற அத்தனை பெண்களும்.

"இதையும் ஓட்டுக்கு விட்டுடலாமா?" என்றாள் சுலோச்சனா. "அடுத்த வாரம் எங்க வீட்டு ரேஷனுக்கு ஐயா போகணும்கிறவங்க கை தூக்குங்க!"

பைகளும் டின்களும் தரைக்கு இறங்கின. கைகள் மேலே போயின.

"எண்ணட்டுமா சார்?" என்று விரலை நீட்டினார் பீர் முஹம்மது.

"வேண்டாம் பாய்" என்று அரிசிப் பையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார் பஞ்சாட்சரம். "ஏகமனதுதான்."