நேற்றைய பட்டை

“கையைக் காட்டும்மா.”

நீச்சல் குளத்தோரச் சாய்வு நாற்காலியில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்த பெண் கையை நீட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. ஆள் மாட்டியாயிற்று என்று காவலாளிக்குத் திருப்தி.

இன்றைய நிறம் பச்சை. ஓட்டலில் தங்கியிருப்பவர்களுக்குத் தினமும் காலையில் நிறம் மாற்றிப் பட்டை கட்டுவார்கள். பழைய பட்டையைக் குப்பைத்தொட்டியில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு, கடற்கரைப் பக்கமாக நைசாக நுழைகிற கூட்டம் ஒன்று உண்டு.

இந்த வாரத்தில் மட்டும் அப்படி மூன்று பேர் நீச்சல் குளத்தில் குளித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். “நாலாவது ஆளு இறங்கினா, யூனிஃபார்மைக் கழட்டிக் குடுத்துட்டு நீ போய்க்கிட்டே இரு” என்று மேனேஜர் நேற்று எல்லார் முன்னாலும் காவலாளியிடம் சொல்லிவிட்டார். வீட்டில் மகள் நிறைமாதம், மருமகனுக்கு வேலை இல்லை. இந்த வயதில் இவரை வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

“இது நேத்து பட்டை. இன்னிக்குது எங்க?”

“எடுத்துட்டு வர்றேன்னு எங்க வீட்டுக்காரரு ரூமுக்குப் போயிருக்காருண்ணா.”

“எப்பப் போனாரு?”

“ஒன்பது மணி இருக்கும்.”

இப்போது மணி ஒன்றரை. காலை ஷிஃப்ட்காரன் போனை நோண்டிக்கொண்டு எவன் வந்தாலும் விட்டுவிடுவான். அவனைச் சொல்ல வேண்டும்.

“பட்டை எடுக்கப் போனாரா, இல்ல நெய்யப் போனாரா?”

அவள் சிரிக்கவில்லை. “ராத்திரி சரியாத் தூங்கல. அசந்திருப்பாரு.”

“போய் எழுப்புறதுதானே?”

“பட்டை இல்லாம வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டாங்க, இங்கயே இருன்னு சொன்னாரு.”

“போனைப் போடு.”

“போனும் ரூம்லதான் இருக்கு.”

எதைக் கேட்டாலும் ஒரு பதில் கையில் வைத்திருந்தாள். காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஓட்டலுக்கு வருகிற பெண்கள் தண்ணீருக்குள்ளும் மினுக்கிக்கொண்டுதான் இறங்குவார்கள். இவள் கழுத்தில், காதில், கையில் ஒரு பொட்டுத் தங்கம் இல்லை.

“ரூம் எடுத்துத் தங்க வந்த மூஞ்சியா இது? காதுல ஒரு கம்மல் கூட இல்ல.”

“நகையோட இறங்கக் கூடாதுன்னு போர்டுல போட்டிருக்குண்ணா. எனக்குப் படிக்க வராது, அவருதான் படிச்சுச் சொன்னாரு. எல்லாத்தையும் கழட்டி அவருகிட்ட குடுத்துட்டேன்.”

சரியான இடத்தில் வந்து மாட்டினாள். காவலாளிக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்தப் போர்டில் இருக்கிற ஆறு விதிகளையும் வேலைக்குச் சேர்ந்த அன்றே மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார்கள். எண்ணெய் தேய்த்து இறங்காதே, கண்ணாடி டம்ளர் கொண்டுவராதே, ஓடாதே, குதிக்காதே, பிள்ளைகளைத் தனியே விடாதே, பட்டையைக் கழற்றாதே. நகையைப் பற்றி ஓர் எழுத்துக் கிடையாது.

“என்கிட்டயே போர்டு கதை விடுறியா? எழுந்திரு.”

“அண்ணா, அவரு வந்து தேடுவாரு.”

“வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன். நட.”

வாசலைக் காட்டி விரட்டிவிட்டிருக்கலாம். ஆனால் பிடித்தது மேனேஜருக்குத் தெரிய வேண்டாமா? நேராக வரவேற்பறைக்கே கூட்டிக்கொண்டு போனார். நடை முழுக்கத் தண்ணீர் சொட்டியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்க, அவள் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு தலைகுனிந்து நடந்தாள். வழியில் துண்டு அடுக்கியிருந்தது. அவள் அதைப் பார்ப்பதைக் கவனித்தும் அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. துண்டு தங்கியிருப்பவர்களுக்கு மட்டும்.

“எந்த ரூம்?” என்று கேட்டாள் வரவேற்பறைப் பெண்.

“முன்னூத்திப் பன்னெண்டு.”

கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். “முன்னூத்திப் பன்னெண்டுல யாரும் இல்லையே.”

மேனேஜர் அறைக்கதவு திறந்துதான் இருந்தது. காவலாளி குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார். “அப்பவே தெரியும்மா எனக்கு. கடல் பக்கமா வந்திருக்கும். என் ஷிஃப்ட்ல இந்த வேலையெல்லாம் நடக்காது.”

“நல்லாப் பாருங்கக்கா, அவரு உள்ளதான் தூங்குறாரு.” அவள் கணவன் பெயரைச் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். ஊர்ப் பெயரையும், கல்யாணமாகி ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது என்பதையும் யாரும் கேட்காமலே சொன்னாள். “ஒரு தடவை கதவைத் தட்டிப் பாக்கச் சொல்லுங்கக்கா. எழுந்திருச்சிருவாரு.”

வரவேற்பறைப் பெண் திரையை மேலே தள்ளினாள். மறுபடி கீழே இறக்கினாள். பிறகு, எதிரே நடுங்கிக்கொண்டு நின்றவள் முகத்தைப் பார்க்காமல், காவலாளி பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, ஒன்பதரைக்கு அவரு ரூமைக் காலி பண்ணப்போ, ‘சம்சாரம் நேத்தே ஊருக்குப் போயிட்டா’ன்னு சொன்னாரு.”