இடது கால்

“இடது கால் வீங்கணும். ஆனா என்மேல யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது,” என்றார் மாமனார், சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே.

ஒர்க்‌ஷாப்காரம்மா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். அந்த மாதிரி வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள் சார் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்சைக் காட்டியதும்தான் மூச்சு விட்டாள்.

விஷயம் இதுதான். மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு, “என் வண்டியும் உங்க வண்டிதான் மாப்பிள்ளை, எப்ப வேணும்னாலும் எடுத்துக்குங்க” என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார் மாமனார். மாப்பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் இருவரும் வந்து இறங்குவார்கள். சாப்பாடு முடிந்ததும் மகள் தன் புருஷனை விலாவில் லேசாக இடிப்பாள். வேண்டாம் என்று தடுக்கிறாள், என் பெண் அல்லவா என்று மாமனார் நெகிழ்ந்துபோவதற்குள், “மாமா, வண்டியை ஒரு ரவுண்டு எடுத்துட்டுப் போகட்டுமா?” என்று மாப்பிள்ளை கேட்டே விடுவார்.

மகளைக் கட்டிக் கொடுத்த அன்றைக்குக்கூட அவர் அவ்வளவு கலங்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அப்புறம் மகள் முகத்தில் எப்படி முழிப்பது? சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டு, வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருப்பார்.

மதியம் போன வண்டி சாயங்காலம்தான் திரும்பும். ஓடிப் போய்ப் பானெட்டைத் தடவிப் பார்ப்பார். அத்தனை நேரம் ஊர் சுற்றிய வண்டி சூடே இல்லாமல் ஜில்லென்று இருக்கும். எப்படித்தான் இவ்வளவு பக்குவமாக ஓட்டுகிறாரோ என்று அதற்கும் எரிச்சல் வரும். ஒரு கீறல் விழுந்திருந்தால் அதையாவது சாக்காக வைத்து நிறுத்தியிருக்கலாம்.

யோசித்து யோசித்துக் கடைசியில் இந்த வழியைக் கண்டுபிடித்தார். ரேஸ் வண்டிக்குப் போடுகிற கிளட்சைப் போட்டால், மிதிப்பதற்கே இடது காலுக்குத் தனி பலம் வேண்டும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்குகிற மெத்தென்ற ரப்பர் மவுண்ட்களைக் கழற்றிவிட்டுக் கல் மாதிரி கெட்டியானதை மாட்டினால், இன்ஜினின் உதறல் அத்தனையும் நேரே சீட்டுக்கு வந்துவிடும். யாராவது கேட்டால், வண்டியை அப்கிரேட் செய்திருக்கிறேன் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

“செஞ்சிடலாம் சார். ஆனா தினம் ஓட்டப்போறது யாரு?”

“நான்தான். தினம் ஓட்டுறதால எனக்குப் பழகிடும். அவருக்கு வாரத்துல ஒரு நாள்தானே, பழகவே பழகாது.”

ஒர்க்‌ஷாப்காரம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

பழகவில்லை. ஆபீசுக்குப் போகும் வழியில் சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சை மிதித்துப் பல்லைக் கடித்தார். கடித்த பல்லும் இன்ஜினோடு சேர்ந்து ஆடியது. கண்ணாடியில் பின்னால் வரும் ஒரே பஸ் இரண்டாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இடது முட்டி பன் மாதிரி வீங்கிவிட்டது. ஞாயிறு வரட்டும் என்று பொறுத்துக்கொண்டார்.

ஞாயிறும் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போன மாப்பிள்ளை, சாயங்காலம் வாசலில் துள்ளிக் குதித்து இறங்கினார். புது கிளட்ச் எப்படி என்று மாமனார் ஆவலாகக் கேட்டதற்கு, பிரமாதம் மாமா என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனார். மாமனாருக்கு வயிறெரிந்தது. மனுஷனுக்கு இருப்பது காலா, கருங்கல்லா?

அடுத்த ஞாயிறு, மாப்பிள்ளை சாவியோடு கிளம்பிய கொஞ்ச நேரத்தில், முட்டியில் தடவ மருந்து வாங்கலாம் என்று மாமனார் நொண்டி நொண்டி நடந்தார். பக்கத்துத் தெருவில் திரும்பினால், ஒரு மரத்தடியில் அவருடைய சிவப்பு வண்டி. உள்ளே சீட்டைச் சாய்த்துப் போட்டு, கண்ணை மூடிக் கிடந்தார் மாப்பிள்ளை.

மாமனாருக்கு இருந்த வலியெல்லாம் பறந்துவிட்டது. ஒரு தெருவைத் தாண்ட முடியவில்லை, ஆள் விழுந்துவிட்டார். வெற்றி வெற்றி என்று உள்ளுக்குள் கூத்தாடிக்கொண்டே கண்ணாடியைத் தட்டினார்.

“என்ன மாப்பிள்ளை, கால் ரொம்ப வலிக்குதா?” குரலில் சந்தோஷம் தெரியாமல் இருக்கப் படாத பாடு பட்டார்.

மாப்பிள்ளை அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார். முகம் வெளிறிவிட்டது. அவசரமாகச் சீட்டை நிமிர்த்திக்கொண்டு கதவைத் திறந்தார்.

“கால் நல்லாத்தான் இருக்கு மாமா. கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு ஞாயித்துக்கிழமைன்னா இந்த மரத்தடிதான். இந்த வண்டியில ஃபர்ஸ்ட் கியருக்கு மேல போடவே எனக்குப் பயம்.”

மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. முட்டி மறுபடி விண்விண் என்று தெறிக்க, காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்புறம் எதுக்கு வாராவாரம் கேட்டீங்க?”

“நீங்க அவ்வளவு ஆசையா எடுத்துக்கச் சொன்னீங்க. கேக்கலன்னா அப்பா மனசு நொந்துடும்னு உங்க பொண்ணு சொன்னா.” மாப்பிள்ளை சாவியை உருவி அவர் கையில் வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தப்பா நெனைக்கலன்னா, இனிமே கேக்காம இருக்கட்டுமா மாமா?”