மான்குட்டி படம் போட்ட பக்கம்

"அந்தப் பக்கத்தை மறுபடியும் படிடா!"

மாதையன் வாய்க்குக் கொண்டுபோன இட்லியைத் தட்டிலேயே வைத்தான். எதிரே போலீஸ் டாணாக்காரர் தர்மன் இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"எந்தப் பக்கங்க, எசமான்?"

"தெரியாத மாதிரி கேக்கறயா? மான்குட்டிய மடியில வெச்சுக்கிட்டு ஒரு பொம்பள உக்காந்திருக்கறாளே, அந்தப் பக்கம்!"

பென்னாகரம் பச்சியப்பன் காப்பி கிளப்பில் சினிமாப் பத்திரிகை படித்துக் காட்டுவதுதான் மாதையனுக்கு உத்தியோகம். சம்பளம், காலையில் மூன்று இட்லி, சாயங்காலம் ஒரு காப்பி. பென்னாகரத்தில் அப்போது சினிமாக் கொட்டகையே கிடையாது. படம் பார்க்க வழியில்லாத ஊர் என்பதால், படத்தைப் பற்றிக் கேட்கக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. சந்தை நாளில் பெஞ்சியில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்பார்கள். அன்றைக்கும் சந்தைதான். மூலையில் ஒரு கம்பளி வியாபாரி மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"போன சந்தையன்னிக்குக் காலையில, குடியானவங்களுக்கு இந்தப் பக்கத்தை என்னன்னு படிச்ச?"

"சினிமா வந்து தேசமே குட்டிச்சுவராப் போச்சு, பொண்ணுங்களை வூட்டை வுட்டு வெளிய வுடாதீங்கன்னு போட்டிருந்துதுங்க."

"மத்தியானம் பொம்பளைங்களுக்கு?"

"நடிகை கனகவேணி களி சரியாக் கிண்டலைன்னு மாமியாக்காரி கரண்டியாலயே அடிச்சுட்டாளாமுங்க. அதைக் கேட்டுட்டு சந்தைக்கு வந்த சென்னம்மாக்கா அழுதே போட்டாங்க."

"சாயங்காலம் மலைக்காரங்களுக்கு?"

மாதையன் அந்த இட்லியை அவசரமாக வாயில் திணித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற வத்தல்மலைக் காளியன் முந்திக்கொண்டான்.

"காட்டுல தாராளமா ஆடு மேய்ச்சுக்குங்க, பாரஸ்டு கார்டு கேட்டா எம் பேரைச் சொல்லுங்கன்னு அந்தம்மா சொன்னதாப் படிச்சாருங்க சாமி. நானும் கார்டுகிட்ட கனகவேணியம்மா பேரைச் சொன்னேனுங்க. ரெண்டு நாள் அவரு ஆட்டைத் தடுக்கவே இல்லை. எனக்கும் ஆட்டுக்கும் சேத்து ஒரு சலாம் போட்டாரு."

யாரோ கலெக்டர் வீட்டு அம்மாள் என்று நினைத்துவிட்டாராம் கார்டு. மூன்றாம் நாள் விஷயம் தெரிந்ததும் நேராக ஸ்டேஷனுக்கு ஓடிவந்துவிட்டார்.

குடியானவர்களுக்குக் கோபம் வேண்டும், பெண்களுக்கு அழுகை வேண்டும், மலைக்காரர்களுக்கு ஆட்டுக்குப் புல் வேண்டும். யாரையும் வெறுங்கையோடு அனுப்புவது மாதையன் வழக்கமில்லை. அது இப்படி வந்து முடியும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

யுத்த காலம் வேறு. சர்க்காருக்கு விரோதமாக எவன் எதைப் படித்தாலும் உள்ளே தள்ளச் சொல்லி உத்தரவு.

"ஒரே பக்கம், மூணு சேதி. அதுல ஒண்ணு ராஜத்துரோகம்" என்றார் தர்மன். "உள்ள போனா இட்லி கெடையாது, தெரியுமில்ல?"

ஜெயிலைக்கூட மாதையன் தாங்கிக்கொண்டிருப்பான். இட்லி கிடையாது என்றதைத்தான் தாங்க முடியவில்லை. அவசரமாகப் பத்திரிகையைப் பிரித்தான். அட்டை எப்போதோ போய்விட்டது. ஓரமெல்லாம் சாம்பார். அது மாதாமாதம் மெட்ராசிலிருந்து புதிதாக வருகிறது என்று அவன் சொல்லியிருந்தான். ஊரும் நம்பியிருந்தது.

கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தான். "'என்னுடைய அடுத்த படத்தில் கதாநாயகன் ஒரு போலீஸ்காரர். போலீஸ்காரர்களைப் போல இளகிய மனசு யாருக்கு உண்டு? ஏழை எளியவர்களை அவர்கள் அடிக்கவே மாட்டார்கள்' என்று கனகவேணி நமது நிருபரிடம் கூறினார்."

கூட்டம் மொத்தமும் தர்மனைப் பார்த்தது. அவருடைய மீசை கொஞ்சம் இளகியது. அப்புறம் சட்டென்று கையை நீட்டினார்.

"குடு இப்படி. நானே படிச்சுப் பாக்கறேன்."

மாதையன் பிழைப்பு போச்சு என்று நினைத்தபடி பத்திரிகையை நீட்டினான்.

தர்மன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். வரிவரியாக விரலை ஓட்டினார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தித் தலையை ஆட்டினார். இரண்டு தரம் 'உம்' கொட்டினார்.

"இவன் படிச்சது சரிதான்" என்றார் கடைசியில். "கேசு இல்லை. ஆனா அடியில ரெண்டு வரிய வுட்டுட்டான்."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். "'ஆகையால் வெயிலில் அலைகிற போலீஸ்காரர்களிடம் காப்பி கிளப்காரர்கள் காசு கேட்கலாகாது. சூடாக வடையும் கொடுக்க வேண்டும். இது என் தாழ்மையான வேண்டுகோள்.' கீழ கனகவேணி கையெழுத்தே போட்டிருக்கறா, பாரு."

பச்சியப்பன் மறுபேச்சில்லாமல் நாலு வடையும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார். நடிகையே கேட்டுக்கொண்டால் அவர்தான் என்ன செய்வார்?

"ஆட்டுச் சேதி அதுல இருக்குதுங்களா, சாமி?" என்று எட்டிப் பார்த்தான் காளியன்.

"இருக்குது, இருக்குது" என்றார் தர்மன், வடையைப் பிட்டுக்கொண்டே. "ஆனா அது மைசூர்க் காட்டு ஆடுங்களுக்கு மட்டுந்தான்."

மாதையன் அந்தப் பக்கத்தின் அடியை உற்றுப் பார்த்தான். இத்தனை நாளாக இந்த இரண்டு வரி தன் கண்ணில் படாமல் போனதே என்று அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

மூலையில் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த கம்பளி வியாபாரி எழுந்து வந்தார். பத்திரிகையை எடுத்துப் புரட்டினார். அப்புறம் இரண்டு பேருக்கும் பெரிய கும்பிடாக ஒன்று போட்டார்.

"சுவாமி, நமக்கு ஊரு மைசூர்ச் சீமை ஆனேக்கல். போன மாசியில இந்த பெஞ்சியில மறந்துட்டுப் போன நம்ம புஸ்தகந்தான் இது. மொதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் அத்தனையும் கன்னடம். இதைப் பாத்துக்கிட்டே இவ்வளவு சுத்தமாத் தமிழ்ல படிக்கிறீங்களே, ரெண்டு பேரும் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?"