அளவு மூடி

"எடுத்துட்டு எங்கம்மா போற? வைம்மா கீழ!"

முரளி கத்திக்கொண்டே கல்லாவை விட்டு எழுந்து வருவதற்குள், ராசாமணி அலமாரியிலிருந்த தைல பாட்டில்களில் பாதியைக் கோணிப்பையில் போட்டுவிட்டாள். அழுதழுது வீங்கிய கண்கள், வாராத தலை. ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பஸ் பிடித்துச் செம்மேட்டில் இறங்கியவள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த இந்த மலைப்பொருள் கடைக்குள் நேராக நுழைந்திருந்தாள்.

"நாலு வயசுப் புள்ள அங்க மூக்குல குழாயோட கெடக்குது. உன்ற கடைத் தைலந்தான். ஒரே ஒரு மூடி உள்ள போச்சு, அரை மணி நேரத்துல வலிப்பு வந்துருச்சு. இன்னும் கண்ணு முழிக்கல."

முரளியின் முகம் வெளுத்தது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"யாரும்மா குடிக்கச் சொன்னது? அது மேலுக்குத் தேய்க்கிற தைலம்!"

"அப்பறம் எதுக்குடா இருமல் மருந்து பாட்டில்ல ஊத்தி வெச்ச? அதுக்கு மேல அளவு மூடி வேற. அளவு மூடி போட்டிருந்தா குடிக்கிற மருந்துன்னுதான நெனைப்பாங்க?"

பக்கத்து டீக்கடை மாணிக்கம் போட்ட டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். அருவி பார்க்க வந்த வெளியூர்க்காரர்களும் கூடிவிட்டார்கள். ராசாமணி ஒரு பாட்டிலை மாணிக்கத்திடம் நீட்டினாள்.

"இதுல என்ன போட்டிருக்குதுன்னு சத்தமாப் படிங்கண்ணா. எல்லாரும் கேக்கட்டும்."

மாணிக்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். "கொல்லிமலை யூகலிப்டஸ் தைலம். நூறு சதவீதம் இயற்கை. சளி, இருமல், தலைவலி தீரும். பக்க விளைவு கிடையாது."

"குடிக்கக் கூடாதுன்னு இருக்குதா?"

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லம்மா."

"புள்ளைங்களுக்கு ஆகாதுன்னு?"

"அதுவும் இல்ல."

இயற்கை என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் போதும், எதுவும் சர்பத் ஆகிவிடும் என்று நினைப்பு. பாம்பு விஷம்கூட இயற்கைதான். முரளி அதை ஒரு மூடி குடித்துக் காட்டுவானா?

ராசாமணி பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். "மாசி மாசத்துச் சரக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"வாங்குனவங்க கேட்டுக்கங்க! இத வாயில வெக்கவே கூடாது. பெரியவங்க மேலுக்குத் தேய்க்கறதுன்னாலும், சின்னக் கரண்டி தேங்காயெண்ணெய்க்கு ரெண்டே சொட்டுக் கலந்துதான் தேய்க்கோணும். கைக்கொழந்தைக்கு மூக்குலயும் நெஞ்சுலயும் தடவிறாதீங்க, மூச்சு அடைச்சுக்கும். புள்ளைங்க கைக்கு எட்டாம பூட்டி வெய்யுங்க."

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இவனுக்குத்தாங்க வாங்கினேன்," என்றாள்.

முரளிக்கு வியர்த்துவிட்டது. இனிக் கத்திப் பயனில்லை என்று தெரிந்ததும் குழையத் தொடங்கினான்.

"அக்கா, பெத்த வயிறு எரியத்தான் செய்யும். நானும் ரெண்டு புள்ள பெத்தவன், எனக்குப் புரியாதா? ஆனா என் மேல என்ன தப்பு இருக்குது? தைலம் நானா காய்ச்சறேன்? ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஏதோ மலைக் கிராமத்துல யாரோ காய்ச்சி, கேன்ல ஊத்தி பஸ்ல ஏத்தி உடறாங்க. அவங்க மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல."

"பாட்டில்ல ஊத்துனது நீதான?"

"ஊத்துனது நாந்தான். குடிக்கலாம்னு சொன்னது அவங்க!"

சற்று முன்பு இது மேலுக்குத் தேய்க்கிற தைலம் என்று கத்தியவனும் இவனேதான். கூட்டத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

"சத்தியமாக்கா. கேன்ல ஒரு சீட்டு எழுதிக் கட்டி அனுப்பியிருந்தாங்க. 'புள்ளைங்களுக்கு ஒரு மூடி குடுக்கலாம், ஒண்ணும் ஆகாது'ன்னு அவங்க கையாலயே எழுதியிருந்துச்சு. அதப் பாத்துத்தான் நான் அளவு மூடியே வாங்கிப் போட்டேன். அவங்கள நம்புனதுதான் நான் பண்ணுன தப்பு."

மாணிக்கத்துக்கு ரத்தம் கொதித்தது. "அடப்பாவிங்களா, புள்ளைங்க உசுரோட வெளையாடறாங்களா! ஊரச் சொல்லு முரளி. ஜீப் எடுத்துட்டுப் போயி ஆள இழுத்துட்டு வந்துருவோம்."

"வாங்க, வாங்க, இப்பவே போலாம்," என்று வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"போங்கக்கா, அங்க போயி நாக்கப் புடுங்கற மாதிரி நல்லாக் கேளுங்க. நானே வந்து சாட்சி சொல்றேன்," என்றான் முரளி. அவன் முகத்தில் களை திரும்பியிருந்தது.

ராசாமணி கோணிப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில கெடக்கறது என்ற புள்ள இல்லீங்கண்ணா," என்றாள் மாணிக்கத்திடம். "சேதி கேட்டுப் பதறிப்போயிப் பாக்கப் போனேன்."

பிறகு முரளியின் பக்கம் திரும்பினாள்.

"தைலங் காய்ச்சறவ நாந்தான்டா. குடிக்கக் கூடாதுன்னு கேனுக்குக் கேன் கண்டக்டர்கிட்ட வாயாலதான் சொல்லி உடறேன்."

முரளி கல்லாவை நோக்கிப் பின்வாங்கினான்.

"எனக்கு எழுதத் தெரியாது."