பின்வாங்கும் கை

ஆயுத பூஜையன்று பூங்கோதை சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். புற்றுநோய்க்குப் பிறகு வயிற்றில் துளையிட்டு வெளியே ஒட்டிய மலப்பையோடு வாழ்பவள் அவள். அழகுக்காக அவள் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்க எந்த மருத்துவரும் துணியவில்லை. சில மாதங்களுக்கு முன்பு இங்கிருந்த இயந்திரக்கைதான் பையின் ஓரம் கசியாமல் மூடிவிட்டு வேலையைத் தொடங்கியது. தோலுக்கடியில் குடல் பிதுங்கியிருந்த இடம் வந்ததும் தானாகவே பின்வாங்கிக்கொண்டது. அந்தச் சிறு மேட்டைத் தவிர வயிறு தட்டையாகிவிட்டது. பல வருடங்கள் கழித்து இன்று புடவை கட்டியிருந்தாள்.

"என்னை உசுரோட அனுப்பினியே, சாமி," என்று அந்தக் கைக்குப் பொட்டு வைக்கக் குங்கும விரலை நீட்டினாள்.

இயந்திரக்கை சட்டென்று பின்வாங்கியது.

"கிருமி ஒட்டிக்கும்னு அதுக்குப் பயம்க்கா. தொடவே விடாது," என்றாள் நர்ஸ் ஜெசிந்தா.

பூங்கோதைக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. "அன்னைக்கும் இப்படித்தான விலகியிருக்கும்!"

புடவையை லேசாக விலக்கி, வயிற்றில் அந்த மேட்டின்மேல் பொட்டை வைத்துக்கொண்டாள்.