ஒன்பதாம் பக்கம்

மூன்றாவது தடவையும் எட்டாம் பக்கத்தோடு நின்றுவிட்டாள் தாய்.

எட்டாம் பக்கத்துக் கூட்டில் ஒரு குஞ்சு இருக்கிறது. அடுத்த பக்கத்தில் கூடு மட்டும்தான். அதைத் திருப்பத்தான் பாவிக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அம்மாள் இந்தப் படக்கதைப் புத்தகத்தைக் கையில் திணித்து அனுப்பியிருந்தார். நேராகச் சொல்ல வாய் வராவிட்டால் பறவையைப் பற்றிச் சொல்லுங்கள், மகள் தன் கதைக்குத் தானே வந்துவிடுவாள் என்றார். சொல்வதற்கென்ன, அவருக்குச் சுலபம்.

குறைமாதத்தில் பிறந்த தம்பி, பத்து நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, முந்தாநாள் போய்விட்டான்.

ஐந்து வயது அக்காவிடம் அதை யாரும் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவளும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் தாய் வலியப் போய், தம்பி நன்றாகத் தூங்குகிறான் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிவைத்தாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஐந்து மணிக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். கணவன் அவர்களை அழைத்துவரப் பேருந்து நிலையம் போயிருந்தான். யாராவது ஒரு புண்ணியவதி வாசலிலேயே பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுது, விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுவாள். அதற்குள் பெற்றவள் வாயால் சொல்லியாக வேண்டும்.

மணி நாலே முக்கால்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். எட்டாம் பக்கம் வந்ததும், பாழாய்ப்போன விரல் குஞ்சின் மேலேயே நின்றுவிட்டது. கடவுளே, என்னால் ஆகாது என்று புத்தகத்தை மூடப் போனாள்.

மகள் விடவில்லை. வெடுக்கென்று பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஓர் எழுத்துகூடத் தெரியாது, ஆனாலும் பெரிய மனுஷி மாதிரி பக்கத்தைத் திருப்பினாள்.

காலிக் கூடு. வாயில் இரையோடு அதை நோக்கிப் பறந்துவரும் அம்மாப் பறவை.

மகள் ரொம்ப நேரம் படத்தையே பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கதை சொன்னாள்.

“குஞ்சு செத்துப்போச்சுன்னு அப்பாப் பறவை போன்ல சொல்லி அழுதுச்சு. அம்மாப் பறவைக்கு மட்டும் இன்னும் தெரியாது, பாவம், சிரிச்சுக்கிட்டே இருக்கு.”

சொல்லிவிட்டு, அம்மாப் பறவை பார்த்துவிடக் கூடாதென்று, அந்தக் கூட்டைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.